கிள்ளான் சாலையில் இருசக்கர வண்டி

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தே ஒடுங்கிய பாதை ஒன்று ஓடுகின்றது. கார் அதனுள் நுழைதல் கூடாது. லாரியும் பேருந்தும் நுழைய இயலா. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டருமே அதில் செல்வன. பாலத்தின் அடியே வளைந்தும், சாலைச் சந்திப்புகளில் சுரங்கம்போல் நிலத்துள் புகுந்தும், மீண்டும் வெயிலில் தலைகாட்டியும் செல்லும் இப்பாதையில் விடியற்காலையிலேயே கூட்டம் தொடங்கிவிடும். தொழிற்சாலைக்குச் செல்வோர், அலுவலக எழுத்தர், காவற்பணியாளர், கடைச் சிப்பந்திகள் எனப் பலரும் ஒருவர் பின் ஒருவராய்த் தலைநகர் நோக்கி விரைவர். குளிர்ச்சட்டையை முன்பின்னாக மாற்றி, அதன் திறப்பு முதுகுப்புறம் இருக்குமாறு அணிந்து, காற்றையும் தூசியையும் மார்பில் தாங்கிச் செல்லுதல் இவர்கள் வழக்கம். புதிதாக இந்நாட்டிற்கு வருவோர் இக்கோலத்தைக் கண்டு நகைப்பர். ஒரு வாரம் வண்டியோட்டிய பின் தாமும் அவ்வாறே அணிவர்.

மோட்டார் சைக்கிளுக்கெனத் தனியே அமைந்த பாதைகளுள் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. பொறியியலார் இதன் வரலாற்றை 1970-களில் தொடங்குவர். ஆயின், இருசக்கர வண்டியில் செல்லும் எளியவனுக்குச் சாலையில் இடம் உண்டா என்ற வினா அதற்கு முப்பது ஆண்டு முன்னரே கிள்ளான் வட்டாரத்தில் எழுந்துவிட்டது. எழுப்பியவர் தமிழர். எழுந்த இடம் நெடுஞ்சாலை அன்று. ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சடக்கு.

அதனை அறியுமுன் இப்பள்ளத்தாக்கில் தமிழர் வாழ்ந்த இருவகை வாழ்வை அறிதல் வேண்டும். சிலாங்கூரின் தலைமையிடம் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அடுத்த ஆண்டு நெருப்பும் வெள்ளமும் அத்தகரக் கொட்டகை நகரை அழித்தன. இனிச் செங்கல்லால் கட்டுக என ஆட்சியர் பணித்தனர். செங்கற் சூளைகள் எழுந்த புறநகரே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சூளைகள் இருந்த இடம் ரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் யாழ்ப்பாணத்தார் வந்தனர். தண்டவாள வேலைக்குத் தமிழகத்தார் வந்தனர். பணிமனை, குடியிருப்பு, கோயில், பள்ளி யாவும் நடைதூரத்தில் இருந்தன. வேலைக்குச் செல்ல வண்டி வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழ இடமில்லை. கால்நடையே போதும், தொலைவாயின் ரயில் உண்டு, அதுவும் ஊழியர்க்குச் சலுகையுடன்.

தோட்டத்துத் தமிழர் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது கிள்ளானைச் சூழ்ந்த காடுகள் எல்லாம் பால்மரத் தோட்டங்களாயின. லயத்திலிருந்து வெளிக்காட்டிற்கும், அங்கிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து மீண்டும் லயத்திற்கும் அமைந்த சடக்குகளே தொழிலாளியின் உலகம். அவை பொதுச்சாலைகள் அல்ல, துரையின் உடைமை. உறவினர் வருவதற்கும் இசைவு வேண்டும். இவ்வுலகினுள் மெல்ல நுழைந்த முதல் இயந்திரம் சைக்கிள். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய சைக்கிள் ஒன்று தொழிலாளிக்குக் கிள்ளான் பட்டணத்தைக் காட்டிற்று. அடுத்த தோட்டத்து உறவினர் வீட்டைக் காட்டிற்று. கூட்டம் நடக்கும் இடத்தையும் காட்டிற்று. தோட்ட நிருவாகம் அதனை ஐயுற்றதில் வியப்பில்லை.

சைக்கிளில் வரும் தொழிலாளி எதிரே துரையைக் கண்டால் உடனே இறங்கி நிற்றல் வேண்டும் என்பது அக்காலத்துத் தோட்ட வழக்கம். துரை மட்டும் அல்லர். கிராணி முதலிய ஆசிய அலுவலர் முன்னும் இறங்கவே வேண்டும். இவ்வலுவலருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. ஆகவே தமிழ்த் தொழிலாளி இறங்கி நின்றது பலகால் தமிழ் பேசும் ஒருவர் முன்னிலையிலேயே எனலாம். வெள்ளையர் ஆட்சியின் கொடுமை என்று மட்டும் இதனைக் கூறி முடித்துவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1941-இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், அதன் முன்னணியில் நின்ற பத்திரிகையாளர் ஆர்.எச். நாதனும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். ஐரோப்பாவில் போர் நடந்த காலம், ரப்பருக்கு நல்ல விலை, கூலியோ உயரவில்லை. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல், உறவினர் தோட்டத்திற்கு வந்துபோகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எனக் கோரிக்கைகள் நீண்டன. அவற்றினூடே ஒன்று, ஐரோப்பியரையும் ஆசிய அலுவலரையும் காணும்போது சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்ல இசைவளிக்க வேண்டும் என்பது.

கூலிக்கும் கல்விக்கும் நடுவே சைக்கிள் ஏன் வந்தது என்று இக்காலத்து இளைஞர் வியக்கக்கூடும். கூலி குறைவு என்பது மாதத்திற்கு ஒருமுறை நினைவுக்கு வருவது. இறங்கி நிற்றல் நாள்தோறும் உடம்பால் செய்யவேண்டியது. தன் பொருளில், தன் காலால் மிதித்துச் செல்பவன் பிறர் கண்பட்டதும் கீழே இறங்குகிறான். அவன் பின்னே பிள்ளை அமர்ந்திருந்தால் அப்பிள்ளையும் இறங்குகிறது. வேலைநிறுத்தத்திற்கு வந்தோர் இதனைக் கூலிக்குக் குறைந்த ஒன்றாக எண்ணவில்லை என்பதற்கு அக்கோரிக்கைப் பட்டியலே சான்று.

முடிவு துன்பமாயிற்று. மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டார். அவரை விடுவிக்குமாறு வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின. பலர் சிறையிடப்பட்டனர், நாதன் உள்ளிட்ட பலர் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டனர். கூலியில் சிறிது உயர்வு கிடைத்ததன்றிக் கேட்டவற்றுள் பல கிடைக்கவில்லை.

இவையெல்லாம் நடந்து சில மாதங்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1941 டிசம்பரில் மலாயாவின் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படையினருள் பல்லாயிரவர் சைக்கிளில் வந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தனர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. எவர் முன் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்று விதி இருந்ததோ அவர்கள் காரில் ஏறித் தெற்கே சிங்கப்பூருக்கு ஓடினர். துரத்தியவர் சைக்கிளில் வந்தனர்.

போருக்குப் பின்னும் தோட்டத்துச் சடக்கு உடனே திறந்துவிடவில்லை. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன, இரவில் நடமாட்டத் தடை, வாயிலில் சோதனை. ஆயினும், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கிள்ளானில் எழுந்த கட்டடம் ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. கிள்ளான் ஆற்றின்மேல் 1961-இல் திறக்கப்பட்ட கோத்தா பாலம் ஈரடுக்குப் பாலம். தென்கிழக்காசியாவில் அவ்வகையில் முதலாவது என்று போற்றப்படுவது. மேல்தளம் மோட்டார் வண்டிகளுக்கு. கீழ்த்தளம் நடந்து செல்வோர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்கும். மேலே காரும் லாரியும் இரைந்தோட, கீழே நிழலில் ஆற்றுக்காற்று வீசப் பட்டணத்தின் ஒருபாதியிலிருந்து மறுபாதிக்குச் செல்லலாம். எவரைக் கண்டும் எவரும் இறங்க வேண்டியதில்லை. இருசக்கர வண்டிக்குத் தனிவழி என்னும் கருத்தைக் கிள்ளான் மக்கள் கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் பத்தாண்டு முன்னரே பழகியிருந்தனர் என்பது இதனால் விளங்கும். அவ்வழி கீழ்த்தளத்தில் அமைந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இதற்கிடையே மிதிக்கும் வண்டிக்கு மோட்டார் வந்துசேர்ந்தது. போரில் சிதைந்த இத்தாலியில், விமானப் பொறியியலார் ஒருவர் வரைந்த வெஸ்பா ஸ்கூட்டர் 1946-இல் வெளிவந்தது. சிறு சக்கரம், கால் வைக்கத் தட்டு, முன்னே மறைப்பு, எண்ணெய் படாத அமைப்பு ஆகியவற்றால் வேட்டியும் வெள்ளைக்காற்சட்டையும் அழுக்காகாமல் அலுவலகம் சேர அது உதவிற்று. மலாயாவில் ஆசிரியரும் எழுத்தரும் அதனை விரும்பினர். தோட்டத் தொழிலாளிக்கு அதன் விலை எட்டவில்லை.

எட்டியது ஹோண்டா. 1958-இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் கப்' என்னும் 50 சி.சி. வண்டி ஸ்கூட்டரும் அன்று, முழு மோட்டார் சைக்கிளும் அன்று. இரண்டின் நலனும் வாய்ந்தது. ஸ்கூட்டர்போலக் காலைத் தூக்காமல் ஏறலாம். சேலையுடுத்த பெண்ணும் பின்னே அமரலாம். சேறு தெறிக்காதபடி முன்னே மறைப்பு உண்டு. மோட்டார் சைக்கிள்போலச் சக்கரம் பெரிது; ஆகவே குண்டும் குழியுமான சடக்கில் தடுமாறாது. இடக்கையால் இயக்கும் கிளட்ச் இன்மையால் ஒரு கையில் பொருளைப் பற்றிக்கொண்டும் ஓட்டலாம். தோட்டத்துச் செம்மண் சடக்கிற்கென்றே செய்தாற்போன்ற வண்டி. பினாங்கில் பேருந்துத் தொழில் நடத்திய லோ பூன் சியூ என்பார் அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்து விற்றார். 'கப்' என்ற பெயருடன் சிறியது எனப் பொருள்படும் 'சாய்' என்ற சீனச்சொல் சேர்ந்து 'காப்சாய்' என மலாயர், சீனர், தமிழர் அனைவர் நாவிலும் வழங்கலாயிற்று. ஜப்பானிய வண்டிக்கு ஆங்கிலப் பெயர். அதற்குச் சீன ஈறு. அதனை ஓட்டுவோர் எல்லா இனத்தாரும். இதனினும் மலேசியத் தன்மை வாய்ந்த சொல் கிடைத்தல் அரிது.

1967-இல் தவணைமுறை விற்பனைக்குச் சட்டம் வந்தது. மாதத் தவணையில் வண்டி வாங்குதல் எளிதாயிற்று. ஆயினும் தமிழர் பெருந்தொகையாக மோட்டார் சைக்கிளுக்கு வந்தது ஆசையினால் அன்று. ஐரோப்பியக் கம்பெனிகளின் தோட்டங்கள் 1950-களிலும் 1960-களிலும் துண்டாடி விற்கப்பட்டன. தப்பியவற்றுள் பல, பின்னர் நகரத்திற்கு இரையாயின. சுங்கை ரெங்கம் தோட்டங்கள் இருந்த இடத்தில் ஷா ஆலம் எழுந்து, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. தோட்டத்தை விட்டவனுக்குக் கூலியோடு வீடும் போயிற்று. லயம் தோட்டத்துடையது அன்றோ? ஆற்றோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் பலகை வீடு கட்டிக் குடியேறினான். சுங்கைவேயிலும் பத்து தீகாவிலும் ஷா ஆலமிலும் தொழிற்சாலைகள் வேலைக்கு ஆள் தேடின. பெண்களைத் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிச் சென்றது. ஆண்களுக்கு வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி மற்றோரிடம் என்றாயிற்று. தோட்டம் மறைந்தபின்னும் பள்ளி பழைய இடத்திலேயே நின்றுவிட்ட ஊர்கள் பல. இம்மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் இணைக்கவல்ல வண்டி காப்சாய் ஒன்றே. தந்தை முன்னே, நடுவில் புத்தகப்பையுடன் இரு பிள்ளைகள் எனச் செல்லும் காட்சியைத் தமிழ்ப்பள்ளி வாயில்களில் ஆசிரியர்கள் நன்கறிவர்.

இவர்கள் வந்துசேர்ந்த சாலையோ காருக்கென வகுத்த சாலை. 1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா என்னும் புதுநகர் உருவானது முதலே, வீடு ஓரிடத்தும் தொழில் ஓரிடத்தும் அமைய, இடையே அகன்ற சாலை ஓடும் என்பது நகரமைப்பின் முறையாயிற்று. பழைய கிள்ளான் சாலை வளைந்து வளைந்து கடைத்தெருக்களின் நடுவே சென்றது. அதற்கு மாற்றாக எழுந்த கூட்டரசு நெடுஞ்சாலை நேராக விரைந்தது. 1985-இல் புரோட்டோன் சாகா என்னும் உள்நாட்டுக் கார் வெளிவந்தது. கார் வைத்திருத்தல் நாட்டின் முன்னேற்றத்திற்கே அடையாளமாகக் கருதப்பட்டது; எரிபொருளுக்கு மானியம் கிடைத்தது; சாலைகள் மேலும் அகன்றன.

இத்தகைய சாலையில் இருசக்கர வண்டியின் இடர் யாது? இந்நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் செல்வன. மெல்லச் செல்லும் மோட்டார் சைக்கிள் இட ஓரத்தைப் பற்றிச் செல்லும். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளும் அதே இடப்பக்கத்தில் பிரிவன. ஆகவே வெளியேறும் ஒவ்வொரு காரும் மோட்டார் சைக்கிளின் வழியைக் குறுக்கே வெட்டியே செல்லும். உள்ளே வருவனவும் அவ்வாறே. ஒருவர் தவறும் இல்லாமலே இருவர் மோதக்கூடிய அமைப்பு அது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1970-களில் கூட்டரசு நெடுஞ்சாலை விரிவுபெற்றபோது பொறியியலார் இதற்குத் தீர்வு கண்டனர். ஓரத்தே தனிப்பாதை, கிளைச்சாலை பிரியும் இடத்தில் அப்பாதை நிலத்தடியே புகுந்து மறுபுறம் ஏறும். காரின் வழியும் மோட்டார் சைக்கிளின் வழியும் ஒரே மட்டத்தில் சந்திப்பதேயில்லை. கிள்ளான் பாலத்தின் ஈரடுக்கை நீட்டிப் படுக்கவைத்தாற்போன்ற ஏற்பாடு எனலாம்.

இப்பாதை 1990-களின் தொடக்கத்தில் ஷா ஆலம், கிள்ளான் நோக்கி நீண்டது. புதுப்பகுதி 1993-இல் திறக்கப்பட்டபின் அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் நூற்றுக்கு 34 அளவு குறைந்தன என்று ராடின் உமார் முதலிய மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்னும் விதி 1992-இல் வந்தது. எதிரே வருவதைக் காணாமையால் நேரும் விபத்துகள் அதனால் நூற்றுக்கு 29 அளவு குறைந்தன என்பதும் அவ்வாய்வாளரே கண்ட முடிவு. தலைக்கவசம் 1973-இல் கட்டாயமாயிற்று. தலைப்பாகையணியும் சீக்கியர்க்கு விலக்கு உண்டு. அவ்விதியினால் மோட்டார் சைக்கிளோட்டிகளின் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 1984-இல் சுப்பிரமணியம் முதலிய மூவர் கணித்துக் காட்டினர்.

இவ்வளவு தெளிவாகப் பயன் தெரிந்தபின், அடுத்தடுத்து எழுந்த சாலைகளில் எல்லாம் இத்தகைய பாதை அமைந்திருக்க வேண்டும் அன்றோ? அமையவில்லை. ஷா ஆலம் விரைவுச்சாலை போன்ற சிலவற்றிலேயே உண்டு. பள்ளத்தாக்கைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்த மற்ற விரைவுச்சாலைகள் பலவற்றில் மோட்டார் சைக்கிள் மீண்டும் இட ஓரத்திற்கே தள்ளப்பட்டது. அவ்விரைவுச்சாலைகள் காரிடம் டோல் பெற்றுக் கடனடைப்பவை. கட்டணம் செலுத்தாத வண்டிக்குத் தனிப்பாதை போடுவதில் இலாபம் இல்லை. இதனைக் கொடுமை என்பதினும் கணக்கு என்பதே பொருந்தும். ஆயின் அக்கணக்கில் உயிரின் விலை சேரவில்லை. 2016-இல் மலேசியச் சாலைகளில் மாண்டோர் 7,152 பேர். இந்நாட்டில் சாலையில் மாள்வோருள் ஐந்தில் மூவர் என்னும் அளவில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே இருந்து வருகின்றனர்.

இருப்புப்பாதை மீண்டும் வந்தது. கிள்ளான் வழித்தடம் 1995-இல் மின்வண்டிப் பாதையாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்குரிய பெரும் நிலத்தில் 2001-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ரயில்வேத் தமிழரின் பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, வானளாவிய கட்டடங்கள் நின்றன. நடந்து வேலைக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் தொலைவிலிருந்து வரவேண்டியவராயினர். மின்வண்டி நல்லதே, எனினும் காலை ஏழு மணி முறைவேலைக்குச் செல்பவனுக்கு நிலையம் வரை செல்லவும், இறங்கிய நிலையத்திலிருந்து தொழிற்சாலை வரை செல்லவும் வழி வேண்டும். வீட்டு வாயிலில் நிற்கும் காப்சாய்க்கோ ஆண்டுச் சாலை வரி இரண்டே வெள்ளியாக இருந்தது. பதினாறு வயதில் உரிமம் பெறலாம். வரியையும் தவணையையும் எரிபொருளையும் கூட்டிப் பார்க்கும் குடும்பத்தலைவி எவரும் எவ்வண்டி வேண்டும் என்பதில் ஐயுறார்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் டோல் சாவடிகள் 2018 ஜனவரி முதல்நாளில் கட்டணத்தை நிறுத்தின. காரோட்டிகள் மகிழ்ந்தனர். ஓரப்பாதையில் சென்றோர்க்கு அதனால் மாறுதல் இல்லை. அவர்கள் என்றுமே கட்டியதில்லை. அவர்களுடைய குறைகள் வேறு: சுரங்கத்தில் விளக்கு எரிவதில்லை, மழைநீர் தேங்குகிறது, இருளில் வழிப்பறி அஞ்சவேண்டியிருக்கிறது. மாலை மழை பிடித்தால் பாலங்களின் அடியில் நூற்றுக்கணக்கானோர் வண்டியை நிறுத்தி ஒதுங்குவர். சாலையமைத்தோர் சில இடங்களில் அதற்கெனக் கூரையும் போட்டுள்ளனர். 2020-இன் தொற்றுக்காலம் முதல் அக்கூட்டத்தில் முதுகில் உணவுப்பெட்டி சுமந்த இளைஞரும் சேர்ந்தனர்.

கிள்ளானின் கோத்தா பாலத்தருகே 1990-களில் புதுப்பாலம் எழுந்தது. பழைய பாலத்தின் மேல்தளத்தில் கார் ஓட்டம் நின்றுபோயிற்று. கீழ்த்தளத்தின் வழியே மக்கள் இன்னும் ஆற்றைக் கடக்கின்றனர்.